ஏரிக்கரையில் கொஞ்ச நேரம்

கலைமதிக்கு முதலில் போனது பசி. அதற்குப் பிறகுதான் தூக்கம் போனது.

திண்டிவனத்தில் ஓர் அறக்கட்டளை நடத்திவந்த ஆம்புலன்ஸில் அவளுக்கு முதலுதவி பார்க்கும் வேலை. நர்சிங் டிப்ளமோ படித்தவள். குடியிருந்தது விழுப்புரத்தில். விடிவதற்குள் சோறு வடித்து, மகள் சங்கவியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு பஸ் ஏறினால், இருட்டிய பிறகுதான் திரும்பி வருவாள். புருஷன் இனியவன் புதுச்சேரியில் ஒரு மருந்து கம்பெனிக்கு ரயிலில் போய்வந்தான்.

நெடுஞ்சாலை ஆம்புலன்ஸ்காரர்களை உட்கார விடாது. நின்றிருந்த லாரிக்குப் பின்னால் சொருகிய கார், தடுப்பைத் தாண்டி விழுந்த பைக், பூச்சி மருந்து குடித்த பெண். ஒருவரை இறக்கிவிட்டு வருவதற்குள் அடுத்தவர். டிபன் பாக்ஸைத் திறந்தால் கையில் ரத்த வாடை இன்னும் இருப்பது போலவே தோன்றும். மூடி வைத்துவிடுவாள்.

ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது சங்கவி தக்காளி ரசத்தைத் தட்டிவிட்டாள். அது தரையில் சிவப்பாகப் பரவியதைப் பார்த்ததும் கலைமதிக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. குழந்தையின் முதுகில் நாலு அறை வைத்தாள். இனியவன் பாய்ந்து பிடித்திராவிட்டால் இன்னும் அடித்திருப்பாள்.

"வேலைய வுட்டுடு கலை" என்றான் அவன். "நான் ஒருத்தன் சம்பாரிச்சா போதும்."

அவளுக்கு விட மனசில்லை. அந்த வேலையில் அவளுக்குக் கைராசி உண்டு. மூச்சு நின்றவர்களை அவள் திரும்ப இழுத்துவந்திருக்கிறாள். அப்படிப் பிழைத்துக்கொண்ட ஒருவர் மேல்மலையனூர் கோயில் அமாவாசைக்குப் போய்விட்டுக் குங்குமம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அந்த வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார அவளால் முடியாது.

அந்தச் சமயத்தில்தான் விழுப்புரத்தில் ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. சென்னையிலிருந்து வந்த மனநல ஆலோசகர் ஒருவர் பேசினார். ஒரு கேஸுக்கும் அடுத்த கேஸுக்கும் நடுவில் உங்களுக்கென்று ஒரு சின்னப் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். கையை நிதானமாகக் கழுவுங்கள், வெறுங்காலைத் தரையில் வையுங்கள், மெல்ல மூச்சு விடுங்கள், ஒரு வாய் சாப்பிட்டாலும் அதை ருசித்துச் சாப்பிடுங்கள்.

விக்கிரவாண்டி வண்டியில் வேலை பார்க்கும் முருகையன் பின்வரிசையில் சிரித்தான். "டீ குடிக்கவே வுடமாட்டேங்கிறாங்க. இதுல மூச்சு வேற வுடணுமாம்."

எல்லோரும் சிரித்தார்கள். கலைமதி சிரிக்கவில்லை. மறுநாள் தன் வண்டி டிரைவர் மாயவனிடம் அதைச் சொன்னாள்.

மாயவன் மரக்காணம் பக்கத்து மீனவக் குப்பத்தில் பிறந்தவன். கடலில் இறங்கினால் குடலே வெளியே வந்துவிடும்படி வாந்தி எடுப்பான். அதனால் படகை அண்ணன்மார்களிடம் விட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தவன். நாற்பதைத் தாண்டியும் குழந்தை இல்லை. அக்கா விசாலாட்சியின் ஒரே மகன் ராம்கியைத்தான் தன் பிள்ளை போல வளர்த்துப் பாலிடெக்னிக் படிக்க வைத்தான். இப்போது ராம்கி திண்டிவனத்தில் ஒரு கம்பெனிக்கு பைக்கில் வந்துபோகிறான். வேலையிலிருந்து திரும்பினால் மாயவன் தினமும் குடிப்பான். கலைமதிக்குத் தூக்கம் போனது போல, அவனுக்குக் குடிக்காமல் தூக்கம் வராது.

"செஞ்சிதான் பாப்பமே" என்றான்.

ஒருவரை ஆஸ்பத்திரியில் ஒப்படைத்ததும் வண்டியைக் கழுவி விரிப்பை மாற்ற வேண்டும். அதுவரை கன்ட்ரோல் ரூம் திரையில் அந்த வண்டிக்கு நேராக 'க்ளீனிங்' என்று இருக்கும். கழுவி முடித்து, கலைமதி தன் கைப்பேசியில் 'ரெடி' என்று அழுத்தினால்தான் அடுத்த அழைப்பு வரும். மாயவன் கண்டுபிடித்த வழி சுலபமானது. ஆஸ்பத்திரி வளாகத்திலேயே பரபரவென்று கழுவிவிடுவான். ரெடி கொடுக்காமல் ஊருக்கு வெளியே ஏரிக்கரைக்கு வண்டியை ஓட்டிப்போய், ஒரு புங்கமரத்தடியில் நிறுத்துவான்.

"கழுவிக்கினு இருக்கோம்னு நெனச்சிக்கட்டும். யாரு வந்து பாக்கப் போறாங்க?"

கலைமதி ஷூவைக் கழற்றி வைப்பாள். கொண்டுவந்த சோப்பால் முழங்கை வரை நிதானமாகக் கழுவுவாள். வெயிலில் காய்ந்த துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைப்பாள். பிறகு கரையில் உட்கார்ந்து வயிற்றில் கையை வைத்துக்கொண்டு மெல்ல மூச்சை இழுத்து விடுவாள். வேகவைத்த மல்லாட்டைக் கடலை கொண்டுவந்தால் ஒவ்வொன்றாக உரித்துத் தின்பாள். மாயவன் முதலில் வண்டியிலேயே உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தான். அப்புறம் அவனும் துண்டை விரித்துக் கரையில் சாய ஆரம்பித்தான்.

"மூச்சு வுடறதுக்குக்கூட கிளாஸ் எடுக்கிறாங்க பாரு" என்று கிண்டல் செய்துகொண்டே அவனும் செய்தான்.

பலன் இருந்தது. கலைமதிக்குச் சோறு இறங்கியது. படுத்தால் தூக்கம் வந்தது. காலையில் சங்கவிக்குத் தலை பின்னும்போது அவளோடு சேர்ந்து பாடினாள். அம்மாவின் கை உயரும்போதெல்லாம் ஒடுங்கிக்கொண்டிருந்த குழந்தை மறுபடி மடியில் வந்து உட்கார்ந்தது. மாயவன் குடிப்பதை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கினான். இந்தக் கொஞ்ச நேரத்தால் யாருக்கும் எந்தக் கெடுதலும் வரவில்லை. கோடையும் மழைக்காலமும் அப்படியே கழிந்தன.

தை மாதத்தில் ஒருநாள் தீக்காயக் கேஸ் ஒன்று வந்தது. மயிலம் பக்கத்துக் கிராமத்துப் பெண், கலைமதி வயதுதான் இருக்கும். உடம்பில் பாதிக்குமேல் வெந்திருந்தது. அந்தப் பெண் கத்தவில்லை. அதுதான் கொடுமையாக இருந்தது. வண்டி போகும் வழியெல்லாம் கலைமதியின் முகத்தைப் பார்த்தபடி, "அடுப்புல பால் இருக்குது, பொங்கிடும், யாரையாச்சும் எறக்கி வைக்கச் சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோகும்போதும் அதையே சொன்னாள்.

ஏரிக்கரையில் கலைமதி கையைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். உட்கார்ந்து மூச்சை இழுத்தால் நடுவிலேயே அறுந்தது. வழக்கமாக உட்காரும் நேரம் முடிந்ததும் எழுந்தாள்.

"ரெடி குடுத்துடலாம்ணே."

மாயவன் அவளைப் பார்த்தான். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருக முடியாமல் அவள் விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. அவன் பாட்டிலை வாங்கி மூடியைத் திருகிக் கொடுத்தான்.

"குந்து. இந்தக் கையோட யாருக்கு ஊசி போடப்போற? இன்னும் கொஞ்ச நேரம் போவட்டும். ஊரு ஒண்ணும் முழுகிடாது."

அவள் உட்கார்ந்தாள். அவளைச் சிரிக்க வைப்பதற்காக அவன் தன் கல்யாணக் கதையைச் சொன்னான். பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் படகில் ஏற்றிச் சுற்றிக் காட்டப் போக, அவன் வருங்கால மாமனாரின் வேட்டியில் வாந்தி எடுத்து வைத்தானாம். கலைமதி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். உடம்பு மெல்லத் தளர்ந்தது.

அப்போது பைபாஸ் பக்கமிருந்து சைரன் கேட்டது. மரங்களுக்கு நடுவே வெள்ளை வண்டி ஒன்று மரக்காணம் சாலை இருந்த திசையில் பறந்தது.

"நம்ம விக்கிரவாண்டி வண்டி மாதிரி இருக்குதே" என்றான் மாயவன் எழுந்துகொண்டே. "அது இங்க இன்னாத்துக்கு வருது?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கலைமதி ரெடியை அழுத்தினாள். கைப்பேசி சும்மா கிடந்தது. அவர்கள் வண்டியில் ஏறி ஊருக்குள் வரும்போதுதான் மாயவனுக்கு அவன் அக்கா புருஷன் பச்சைமுத்துவிடமிருந்து போன் வந்தது. மாயவன் கேட்டுக்கொண்டே இருந்தான். வண்டியை ஆஸ்பத்திரிக்குத் திருப்பினான்.

மரக்காணம் சாலையில் ஒரு லோடு வண்டி ராம்கியின் பைக்கை இடித்துவிட்டு நிற்காமல் போயிருந்தது. அவர்கள் உட்கார்ந்திருந்த ஏரிக்கரையிலிருந்து அந்த இடம் கூப்பிடு தூரம். திரையில் திண்டிவனம் வண்டி 'க்ளீனிங்' என்று இருந்ததால் கன்ட்ரோல் ரூம் விக்கிரவாண்டியிலிருந்து வண்டியை அனுப்பியிருந்தது. அது வந்து தூக்கிக்கொண்டு போகும் வழியில் ராம்கி இறந்துவிட்டான்.

தீக்காயப் பெண்ணைக் காலையில் கிடத்திய கட்டிலுக்கு அடுத்த கட்டிலில் அவனைக் கிடத்தியிருந்தார்கள். மாயவன் போர்வைக்கு வெளியே தெரிந்த பாதத்தைப் பிடித்துக்கொண்டான். அழவில்லை. எந்த இடம் என்று மட்டும் முருகையனிடம் கேட்டான். முருகையன் சொன்னதும் தலையை ஆட்டிக்கொண்டான்.

முருகையன் கலைமதியை வெளியே அழைத்துப்போனான்.

"நீங்க க்ளீனிங்ல இருந்தீங்களாமே."

"ஆமா."

அவன் அவள் காலைப் பார்த்தான். ஷூவுக்குள் அவசரமாக நுழைத்த காலில் ஏரிக்கரைச் சேறு ஒட்டியிருந்தது.

"நாங்க போறப்போ பையன் பேசிக்கினு இருந்தான் சிஸ்டர். 'எங்க மாமா வண்டி இல்லியா, மாமா வரலியா'ன்னு கேட்டான். தோ வந்துடுவாருன்னு சொன்னேன். அத்த மாயவன்கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல."

கலைமதி டாக்டரிடம் போனாள். கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று கேட்டாள். அவர் சோர்ந்த முகத்தோடு அவளைப் பார்த்தார். "தலைக்குள்ள ரத்தக்கசிவு. பொழச்சிருக்கலாம். பொழைக்காமலும் போயிருக்கலாம். அத யாராலயும் சொல்ல முடியாதும்மா."

பொழைக்கவே மாட்டான் என்று அவர் சொல்லியிருந்தால் அவளுக்குப் போதுமாக இருந்திருக்கும்.

சாவுக்கு இனியவனோடு குப்பத்துக்குப் போனாள். கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள். மாயவன் அவளைப் பார்த்தான், எழுந்து வரவில்லை. கருமாதி முடியும்வரை அவனுக்கு லீவு கொடுத்தார்கள். அவன் இடத்துக்கு சீனுவாசன் என்ற டிரைவர் வந்தான். வேகமான ஆள். ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளும்போதே "ரெடி குடுத்துடுங்க மேடம்" என்பான். அவளும் கொடுத்துவிடுவாள். கையில் ஒட்டியிருந்ததை வண்டியில் போகும்போதே பஞ்சால் துடைத்துக்கொள்வாள்.

பசி மறுபடியும் போனது. ராத்திரியில் இனியவன் எப்போது விழித்துப் பார்த்தாலும் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சங்கவி தானாகவே தலை பின்னிக்கொள்ளக் கற்றுக்கொண்டாள்.

ஒருநாள் ஒரு கிழவரைத் தூக்கிக்கொண்டு போகும்போது அவளுக்கு ஊசி குத்த நரம்பு கிடைக்கவில்லை. குத்திய இடமெல்லாம் ரத்தம் கட்டியது. கிழவரின் மகள் முனியம்மாள் பதறி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "ஐயோ, எங்கப்பாவக் கொன்னுடாதம்மா."

"சாவட்டும் வுடு" என்றாள் கலைமதி.

அந்த வார்த்தை தன் வாயிலிருந்து வந்ததென்று அவளுக்கே கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. முனியம்மாள் கையை எடுத்துவிட்டு வண்டியின் மூலையில் ஒடுங்கிக்கொண்டாள். கிழவர் பிழைத்துக்கொண்டார். முனியம்மாள் யாரிடமும் புகார் சொல்லவில்லை. அதற்காகவாவது யாராவது தன்னைத் திட்டமாட்டார்களா என்று கலைமதி காத்திருந்தாள்.

அடுத்த வாரம், வண்டி நிற்கும் இடத்துக்கு ஒரு பெண் வந்தாள். எண்ணெய் காணாத தலை. கறுத்து ஒடுங்கிய முகம். சாவு வீட்டில் பார்த்த முகம், ராம்கியின் அம்மா. விசாலாட்சி.

"நீதான் கலைமதியா?"

"ஆமாக்கா."

"எந்தம்பி எல்லாத்தையும் சொன்னான். நீங்க குந்திக்கினு இருந்த எடத்தக் காட்டு."

அவளுக்கு அன்றைய வேலை முடிந்திருந்தது. கலைமதி விசாலாட்சியை ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றி ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். புங்கமரத்தடியைக் காட்டினாள். விசாலாட்சி மரக்காணம் சாலை எந்தப் பக்கம் என்று கேட்டாள். கலைமதி கையை நீட்டினாள். விசாலாட்சி அந்தத் திக்கையே பார்த்தபடி தரையில் உட்கார்ந்தாள். வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். காற்று அவள் முந்தானையை அடித்துக்கொண்டே இருந்தது.

"நல்லாத்தான் இருக்குது" என்றாள் கடைசியில். "காத்து நல்லா வருது."

கலைமதி நின்றுகொண்டே இருந்தாள்.

"எம்புள்ள எதனா பேசினானா? அந்த வண்டிக்காரங்க உங்கிட்டச் சொல்லியிருப்பாங்களே. பொய் சொல்லாத. எனக்கு வேண்டியது அது ஒண்ணுதான்."

கலைமதி சொல்லிவிட்டாள். மாமா வண்டி வரவில்லையா என்று கேட்டானாம்.

விசாலாட்சி வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை. பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இத்த மாயவன்கிட்டச் சொல்லிடாத. இன்னும் கொஞ்ச நேரம் குந்துன்னு தான்தான் சொன்னதா தெனமும் சொல்லிச் சொல்லி அழுவறான். இது தெரிஞ்சா அவன் கயித்துல தொங்கிடுவான். ஒண்ணு போனது போதும்."

"சொல்ல மாட்டேன்க்கா."

"உன்ன நான் ஒண்ணும் சொல்ல வரல. திட்டமாட்டேன். ஆனா மனசு ஆறவும் ஆறாது. உனக்கும் கொழந்த இருக்குதாமே."

"பொண்ணு இருக்குதுக்கா."

"அத்த நல்லாப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு, ஆட்டோவுக்குக் காத்திராமல் கரையோடு நடந்து போனாள்.

கருமாதி முடிந்து மாயவன் தாடியோடு வேலைக்கு வந்தான். ஆஸ்பத்திரி வாசலிலேயே ரெடி கொடுக்கச் சொன்னான். ஏரிப் பக்கம் போகும் சாலையைத் தவிர்த்து ஊரைச் சுற்றிக்கொண்டு ஓட்டினான். கேஸைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள். அவன் மேலிருந்து காலையிலேயே சாராய வாடை வந்தது. ஓட்டும் நேரத்தில் குடிக்கவில்லை, ராத்திரி குடித்தது போகவில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மற்றதும் வந்துவிடுமோ என்று பயம்.

ஒருநாள் மத்தியானம் ஆளில்லாத வண்டியை நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டு வந்தபோது, கூட்டேரிப்பட்டு தாண்டியதும் வண்டி மெல்ல நடுத்தடுப்பை நோக்கிச் சாய்ந்தது. கலைமதி திரும்பிப் பார்த்தாள். மாயவனின் கண்கள் மூடியிருந்தன.

"அண்ணே!"

அவன் திடுக்கிட்டு ஸ்டியரிங்கை ஒடித்தான். பின்னால் வந்த லாரி நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு உரசுவது போலக் கடந்து போனது. வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினான். கை ஸ்டியரிங்கை விடவில்லை.

"தூங்கிட்டனா?"

"ஆமாண்ணே."

கலைமதி போனை எடுத்துக் கன்ட்ரோல் ரூமைக் கூப்பிட்டாள். டிரைவரால் இப்போது ஓட்ட முடியாது, கொஞ்ச நேரம் ஓய்வு வேண்டும் என்றாள்.

"க்ளீனிங்னு போட்டுக்கட்டுமா மேடம்?" என்று கேட்டாள் அந்தப் பக்கம் பேசிய பெண்.

"வேணாம். ஓய்வுன்னு போடுங்க."

"அப்படி ஒண்ணு இதுல இல்லியே மேடம். காரணம் இல்லாம நிறுத்தினா மெமோ வரும்."

"வரட்டும்."

மாயவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். "இன்னா வேல பண்ற நீ? யாராச்சும் கூப்ட்டா?"

"நான் முழிச்சிருக்கேன். நீங்க படுங்கண்ணே."

"அன்னிக்கும் நான் முழிச்சிக்கினுதான் இருந்தேன்."

கலைமதி இறங்கிச் சுற்றி வந்தாள். அவன் கையை ஸ்டியரிங்கிலிருந்து ஒவ்வொரு விரலாக விடுவித்து, பின்பக்கம் கூட்டிப்போய் ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தாள். மறுத்துப் பேச அவன் உடம்பில் தெம்பில்லை. படுத்த மாத்திரத்தில் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனான். எத்தனையோ பேரை அந்த ஸ்ட்ரெச்சரில் அவள் பார்த்திருக்கிறாள். அவர்களில் ஒருவன் போலவே கிடந்தான்.

அவள் பின்பக்கப் படியில் போனோடு உட்கார்ந்தாள். மூச்சை இழுத்துப் பார்க்கவில்லை. லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. மயிலம் சாலையில் ஒருவருக்கு நெஞ்சுவலி. "வேற வண்டி எல்லாம் தூரத்துல இருக்குது மேடம். நீங்கதான் பக்கத்துல இருக்கீங்க. முடியுமா, முடியாதா, அத மட்டும் சொல்லுங்க."

கலைமதி உள்ளே திரும்பிப் பார்த்தாள். அவனை இன்னும் கொஞ்ச நேரம் தூங்கவிடக் கூடாதா என்று மனசு கெஞ்சியது. பதில் சொல்ல எடுத்துக்கொண்ட அந்த ஒரு கணத்தையும் யாருடைய உயிரிலிருந்தோ எடுப்பது போல இருந்தது.

"போறோம்" என்றாள். மாயவனின் தோளைத் தொட்டு எழுப்பினாள்.

அந்த மனிதரை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். சொன்னது போல மெமோவும் வந்தது. பங்குனியில் இருவரையும் பிரித்துவிட்டார்கள். அவளைச் செஞ்சிப் பக்கம் ஒரு வண்டிக்கு மாற்றினார்கள். மாயவன் டிரைவர் வேலையே வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டான். அலுவலகத்தில் சாவியை ஒப்படைத்துவிட்டு, பஸ் நிறுத்தம்வரை அவளோடு நடந்து வந்தான்.

"நான் ஒண்ணு சொல்றேன், கேளு" என்றான். "நீ குந்தறத வுட்டுடாத. கேஸு முடிஞ்சா எங்கனா கொஞ்ச நேரம் குந்து. இல்லாட்டி இந்த வேலையில நீ மனுசியா இருக்க மாட்ட."

"உங்களாலே அப்பிடிச் சொல்ல முடியுதாண்ணே?"

"சொல்லத்தான் முடியுது" என்றான் மாயவன். "நான் குந்தினா பய வந்து எதிர்ல நின்னுக்கினு எதையோ கேக்கறான். இன்னா கேக்கறான்னுதான் புரிய மாட்டேங்குது."

கலைமதி அவன் முகத்தைப் பார்க்காமல் பஸ் வரும் திசையைப் பார்த்தாள். மரக்காணம் பஸ் வந்தது. மாயவன் ஏறிக்கொண்டான்.